தடியன் ஏன் நேராகப் போனது

மார்ச் 3

தம்பிக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்டு ஆரம்பிக்கணும். கேட்டதா வச்சுக்கோ. போன்ல பேசினா ரெண்டாவது நிமிஷம் நான் கத்துவேன், மூணாவது நிமிஷம் நீ போனை வைப்பே. அதனால எழுதறேன்.

உன் அத்தானுக்குப் போன வாரம் கடைசி ஆபரேஷன் முடிஞ்சது. முட்டியில இருந்த கம்பியை எடுத்துட்டாங்க. நடக்கலாம், படி ஏறலாம். ஆனா இடது முட்டி பாதிக்கு மேல மடங்காது. மண்டி போட முடியாது. இருபத்திரெண்டு வருஷமா மண்டி போட்டே டைல்ஸ் ஒட்டின மனுஷன்கிட்ட இதைச் சொல்லிட்டு, "மத்ததெல்லாம் நார்மல்"னார் டாக்டர். இவர் ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்து, "அந்த மூலையில ரெண்டு டைல்ஸ் தூக்கி நிக்குதே, யார் போட்டது?"ன்னு மட்டும் கேட்டார்.

வீட்டுல உன் பேரை எடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்கார். நான் எடுக்கறதில்ல.

நாம வண்டி விடுற மைதானத்துக்காரர் ஷெட்டைக் காலி பண்றாராம். நம்ம ரிமோட் கார் தடியனைக் கொண்டுவந்து என் ரிப்பேர் கடை வாசல்ல இறக்கிட்டுப் போயிட்டார். நவம்பர் மாசச் சேறு அப்படியே காஞ்சு ஒட்டியிருக்கு. புல்வெட்டுற மிஷினை ரிப்பேருக்குக் கொண்டு வந்தவர், "பிள்ளைங்க பொம்மையா?"ன்னு கேட்டார். பன்னெண்டு கிலோ எடை, பெட்ரோல் இன்ஜின், ரிமோட்ல ஓடும், மணிக்கு எழுபது கிலோமீட்டர் போகும், என் புருஷன் காலை உடைச்சது இதுதான்னு சொன்னேன். மிஷினை வச்சுட்டுச் சீக்கிரமாக் கிளம்பிட்டார்.

அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல நீ, "பிரேக் பிடிக்கல, எல்லாம் உன் வேலை லட்சணம்"னே. நான், "உனக்குக் கையில நிதானம் இல்ல"ன்னேன். ரெண்டும் உண்மையா இருக்க முடியாது. பிரிச்சுப் பார்க்கப் போறேன். என்ன வந்தாலும் எழுதறேன்.

துறைமுகத்துல நீ இப்ப கிரேன்ல ஏறுறதே இல்லைன்னு சித்தி சொன்னாங்க. நிஜமா?

அக்கா

*

மார்ச் 12

அக்கா,

சித்திக்கு வேற வேலை இல்ல. ஆனா நிஜம்தான். நானே கேட்டு இறங்கிட்டேன். இப்ப கீழே நின்னு, வர்ற கன்டெய்னர் நம்பரை அட்டையில எழுதறேன். உடம்பு சரியில்லைன்னு சொல்லி வச்சிருக்கேன். சூப்பர்வைசர் நம்பின மாதிரி தெரியல. "உடம்புக்குத்தான் ஒண்ணுமில்லையே, மனசுக்கு என்னப்பா?"ன்னார். அவர் பேச்சு எப்பவும் அப்படித்தான், அதுக்குப் பதில் சொல்லி ஆகாது.

பதினோரு வருஷம் மேலே உட்கார்ந்திருந்தேன். ரெண்டு கையிலயும் ரெண்டு லீவர். கீழே லாரிக்காரன் ஜன்னல்ல முழங்கையை வச்சு பீடி குடிச்சிட்டு இருப்பான். அவன் தலைக்கு மேலே முப்பது டன் தொங்கும். ஒரு தடவை கூட அவன் நிமிர்ந்து பார்த்ததில்ல. இங்க திரும்பி வந்து லீவரைத் தொட்டதும், நீ வராந்தாவுல சொன்னது காதுல கேட்டுது. விரல் வேற யாரோடதோ மாதிரி இருந்தது. இறங்கிட்டேன்.

நடந்தது உனக்குத் தெரியும். நீ அப்ப பெட்ரோல் கேன் எடுத்துட்டு வரப் போயிருந்தே, அதனால மறுபடி சொல்றேன். ரெண்டாவது ஓட்டம். நீளப் பாதை முடியுற இடம். வளைவுக்கு முன்னாடி ரிமோட்ல விசையைத் தள்ளினேன். இழுத்தா ஓடும், தள்ளினா பிரேக். தள்ளினேன்னுதான் நினைக்கிறேன். நவம்பர்ல உறுதியாச் சொன்னேன். நாலு மாசமா அதையே மனசுல ஓட்டி ஓட்டி தேஞ்சு போச்சு. இப்ப "நினைக்கிறேன்"னுதான் வருது. அத்தான் எப்பவும் போல வளைவுக்கு வெளியே நின்னார், கவுந்த வண்டியை நிமித்தி விடறதுக்கு. அவர் நகரல. நான் பிரேக் போடுவேன்னு நம்பி நின்னார்.

பிரிக்காதே. பழைய இரும்புக்குப் போட்டுடு. என் கைதான் காரணம்னு வந்தா நான் மறுபடி மேலே ஏற முடியாது. உன் வேலைதான்னு வந்தா, தினமும் அவர் முகத்தைப் பார்த்து நீ சாப்பாடு போடணும். ரெண்டுல எது வேணும் உனக்கு?

தம்பி

*

மார்ச் 29

தம்பிக்கு,

உன் கடிதம் வர்றதுக்கு முன்னாடியே பிரிச்சாச்சு.

சேறு போகவே ஒரு நாள் ஆச்சு. முன்பக்கம் வலது சக்கரத்தைத் தாங்குற கை ஒடிஞ்சிருக்கு. அடித்தட்டு வளைஞ்சிருக்கு, தட்டி நிமித்தினா ஆகாது, புதுசுதான் போடணும். கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற சுருள் துரு. இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகல. பிளக்கைக் கழட்டிச் சுத்தம் பண்ணி, புதுசா ஆயில் கலந்த பெட்ரோல் ஊத்தி, அஞ்சாவது இழுப்புல எழுந்துட்டான். கடை முழுக்கப் புகை. பக்கத்துக் கடைத் தையல்காரர் ஜன்னலைச் சாத்தினார்.

காரணமும் கிடைச்சுடுச்சு. போன வருஷம் இன்ஜினைப் பெருசாக்கினப்ப காத்து ஃபில்டரையும் பெருசாப் போட்டேன், ஞாபகம் இருக்கா? அதோட பிடிப்பு கொஞ்சம் வெளியே நீட்டிட்டு இருக்கு. பெட்ரோலைத் திறந்து மூடி, பிரேக்கையும் இழுக்கிற கம்பி அதுல போய்ச் சிக்கியிருக்கு. நீ பிரேக் போட்டிருக்கே. கம்பி வரல. அவ்வளவுதான்.

அதாவது, தப்பு என் கடையில நடந்தது. உன் கையில இல்ல. வண்டியை முறுக்கேத்தணும்னு ரெண்டு பேரும் ஆசைப்பட்டோம், ஆனா ஸ்பேனர் பிடிச்சது நான். வராந்தாவுல நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன்.

நாளைக்கே மேலே ஏறு.

அவர்கிட்ட நேரம் பார்த்துச் சொல்லிக்கிறேன். அதைப் பத்தி நீ யோசிக்க வேண்டாம்.

அக்கா

*

ஏப்ரல் 6

அக்கா,

உனக்குச் சின்ன வயசுலேர்ந்து பொய் சொல்ல வராது. பொய் சொல்றப்ப ரொம்ப மரியாதையாப் பேசுவே. "வாபஸ் வாங்கிக்கிறேன்"னு நீ வாழ்க்கையில எதையாவது சொல்லியிருக்கியா?

உன் கடிதத்தைப் படிச்சதும் முதல்ல சந்தோஷம்தான் வந்தது, மறைக்கல. சட்டைப்பையில வச்சுக்கிட்டு ரெண்டு நாள் வேலைக்குப் போனேன். மூணாவது நாள் கிரேன் ஏணிக்கிட்டப் போய் நின்னேன். அப்பத்தான் ஒண்ணு தோணுச்சு.

பெட்ரோல் கம்பி சிக்கினா பிரேக் பிடிக்காது, சரி. ஆனா வண்டி திரும்பணுமே? ஸ்டியரிங்குக்குத் தனி மோட்டார். அன்னைக்குப் பிரேக் பிடிக்கலைன்னதும் நான் சக்கரத்தை இடது பக்கம் முழுசாத் திருப்பினேன். தடியன் கோடு போட்ட மாதிரி நேராப் போனான். அத்தான் கால்ல போய் நின்னான். இதை நான் யார்கிட்டயும் சொல்லல. எல்லாரும் பிரேக் பிரேக்குன்னே கேட்டாங்க. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. திருப்பினேனா, இல்ல கை மரத்துப் போய் நின்னேனான்னு.

கம்பி சிக்கினது உண்மைன்னா நான் திருப்பவே இல்லைன்னு அர்த்தம். அப்ப என் கையும் தப்புதான். நான் திருப்பினது உண்மைன்னா நீ எழுதினது பொய்.

எது பொய்னு சொல்லு. எனக்கு ஆறுதல் வேண்டாம். முப்பது டன்னை ஆறுதலை நம்பித் தூக்க முடியாது.

யாரைக் காப்பாத்தறே நீ?

தம்பி

*

ஏப்ரல் 15

தம்பிக்கு,

நீ திருப்பினே. நான் எழுதினது பொய்.

ஸ்டியரிங் விஷயத்தை அன்னைக்கே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. சரி, கேக்காதது என் தப்பு.

நடந்தது இது. ரேடியோ பெட்டி இருக்கு இல்லையா, ரிமோட் சொல்றதை வாங்கிக்கிற கருவியும் பேட்டரியும் வைக்கிற பிளாஸ்டிக் பெட்டி. அதோட மூடி ஓரத்துல சேத்தைக் கழுவினப்ப வெள்ளையா ஒரு கோடு தெரிஞ்சுது. சிலிக்கான். பாத்ரூம்ல தொட்டிக்கும் சுவத்துக்கும் நடுவுல அடைக்கிற அதே பசை. நாலு பக்கமும் ஒரே கனம், மூலையில கூட ஒரு பிசிறு இல்ல. சோப்புத் தண்ணியில விரலை நனைச்சு ஒரே இழுப்பா இழுத்த கோடு. இந்த ஊர்ல அப்படி ஒரு கோடு இழுக்கிற ஆள் எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான். என் வீட்டு பாத்ரூம்ல தினமும் பார்க்கிறேன்.

அவருக்கு அடிபட்டதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை பெட்டிக்குள்ள தண்ணி போய் வண்டி பாதியில நின்னுது. நான் நாலு பேர் முன்னாடி கத்தினேன். அதைக் கேட்டுட்டு, நமக்கு உதவின்னு சனிக்கிழமை அவரே அடைச்சு வச்சிருக்கார். சொல்லல. சொல்லிக்காட்டுற பழக்கம் அவருக்கு எப்பவும் கிடையாது. வண்டியோட மேல்கூட்டைப் போட்டுட்டா பெட்டி வெளியே தெரியாது. நீயும் பார்த்திருக்க முடியாது.

பேட்டரி ஒயர் நீளம். மூடியை வச்சு முடுக்கினப்ப அதுல ஒரு வளைவு விளிம்புல மாட்டிக்கிச்சு. மேலே வெள்ளைப் பசை மூடிடுச்சு. இன்ஜின் அதிர்வுல ஒயர் அங்கேயே உரசி உரசி, உள்ளே செம்பு ஒவ்வொரு இழையா அறுந்து, நீளப் பாதை முடியுறப்ப மொத்தமா விட்டுடுச்சு. பேட்டரி போனா பிரேக்கும் இல்ல, ஸ்டியரிங்கும் இல்ல. எது எந்த நிலையில இருந்துதோ அப்படியே நிக்கும். இன்ஜினுக்கு மட்டும் அந்தப் பேட்டரி தேவையில்ல. அது பாட்டுக்கு ஓடும்.

என் பங்கும் இதுல இருக்கு. அந்தக் கம்பியை இழுக்கிற மோட்டார் பழைய சின்னதாவே இருந்திருந்தா கரண்ட் போனதும் ஸ்பிரிங் இழுத்து பெட்ரோலை மூடியிருக்கும். பிரேக் பலமாப் பிடிக்கட்டும்னு நான் போட்ட இரும்புப் பல் மோட்டார் ஸ்பிரிங்குக்கு மசியல. கரண்ட் போனா இன்ஜினை அணைக்கிற சுவிட்சும் நான் வைக்கல. ஆனா ஒயரை நசுக்கினது அவர்.

இப்ப சொல்லு. அந்த மனுஷனுக்குக் கால் போச்சு, தொழில் போச்சு. உன்னைத் திட்டறப்பதான் கொஞ்சம் தெம்பா இருக்கார். "உங்க காலை உடைச்சது உங்க விரல்தான்"னு போய்ச் சொல்லணுமா நான்?

சொல்லல. நீயும் சொல்லாதே. மூடியைக் கழட்டிப் பழசுங்க கிடக்கிற டப்பாவுல போட்டுட்டேன். புதுப் பெட்டி வாங்கிட்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 24

அக்கா,

படிச்சு முடிச்சதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. எப்படிப்பட்ட சிரிப்புன்னு கேக்காதே. பக்கத்துல இருந்தவன் தண்ணி எடுத்துட்டு வந்து கொடுத்தான்.

அப்புறம் கோபம். அஞ்சு மாசம் என் கையை நானே திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். டீ கிளாஸைக் கூட ரெண்டு கையால பிடிச்சேன். அவர் ஒரு வார்த்தை, "பெட்டியை நான் அடைச்சேன்"னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா? அவருக்கே தெரியாதுங்கறே. சரி. ஆனாலும் கோபம் வந்தது. நேரா வீட்டு நம்பரைப் போட்டேன். அவர்தான் எடுத்தார். "யாரு?"ன்னார். குரல் எவ்வளவு மெலிஞ்சு போயிருக்கு அக்கா, நீ எழுதவே இல்லையே. "யாருங்க, சத்தமே வரலையே"ன்னு மரியாதையாக் கேட்டார். வச்சுட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஏறினேன். சூப்பர்வைசர் காரணம் கேக்கல. கேபின்ல சீட்டை யாரோ உசரமா வச்சிருந்தாங்க. சரி பண்ணினேன். முதல் கன்டெய்னர் காலிப் பெட்டி, வேணும்னே கொடுத்திருப்பாங்க. எடுத்தேன், வச்சேன். எட்டாவது பெட்டியிலதான் லீவரை மறந்து பெட்டியை மட்டும் பார்த்தேன். சாயங்காலம் இறங்கி, டீ கிளாஸை ஒரே கையால பிடிச்சுக் குடிச்சேன்.

நீ சொன்ன மாதிரியே இருக்கட்டும். அவருக்குத் திட்ட ஒரு ஆள் வேணும்னா நான் இருந்துட்டுப் போறேன். தூரத்துல இருக்கிறவனைத் திட்டினா யாருக்கும் வலிக்காது. எனக்கு உண்மை தெரிஞ்சா போதும்.

போதும்னு எழுதிட்டேன். உண்மையிலேயே போதுமான்னு தெரியல.

தடியனை என்ன பண்ணப் போறே?

தம்பி

*

மே 19

தம்பிக்கு,

கொஞ்சம் நீளமா எழுதணும். வேலை இருக்கு, இருந்தாலும் எழுதறேன்.

வீட்டுல உட்கார்ந்து சுவத்தைப் பார்க்கறதுக்கு என்னோட கடைக்கு வாங்கன்னு இந்த மாசம் ஆரம்பத்துல கூப்பிட்டேன். வந்தார். உயரமான ஸ்டூல் ஒண்ணு வாங்கிப் போட்டேன், காலை நீட்டி உட்காரலாம். முதல் வாரம் வேடிக்கை பார்த்தார். ரெண்டாவது வாரம் புல்வெட்டுற மிஷின் பிளேடு தீட்டினார். அந்த ஓரத்தைப் பார்த்துட்டு ஒருத்தர் தன்னோட நாலு பிளேடையும் கொண்டுவந்தார்.

சும்மா இருக்க முடியலைன்னு பழசுங்க டப்பாவைக் கொட்டி, திருகாணி, நட்டு, வாஷர்னு தனித்தனியாப் பிரிச்சு அடுக்கினார். நான் அந்தப் பக்கம் கார்புரேட்டர் கழுவிட்டு இருந்தேன். சத்தம் நின்னுடுச்சு. திரும்பினா, கையில அந்த மூடி. கண்ணாடியைப் போட்டுக்கிட்டார். கட்டை விரலால அந்த வெள்ளைக் கோட்டை ஒரு தடவை தடவினார். ஒயர் இன்னும் அதுல ஒட்டிட்டு இருந்துது. அதை இழுத்தார். அறுந்த இடம் தெரிஞ்சுது.

"இது எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"மார்ச்."

"அவனுக்கு?"

"தெரியும். எழுதினேன்."

"தெரிஞ்சும் என்கிட்டத் திட்டு வாங்கிட்டு இருக்கானா?"

"ஆமா."

கம்பை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு நடந்தார். அவ்வளவு தூரம் அவர் நடந்தது அன்னைக்குத்தான் முதல் தடவை. மூணு நாள் என்கிட்டப் பேசல. தன் மேல கோபமோன்னு நினைச்சேன். இல்ல, என் மேலதான். நாலாவது நாள் சாப்பிட உட்கார்ந்தப்ப சொன்னார்: "கால்தான் மடங்காது எனக்கு. காது நல்லாத்தான் கேக்கும். நீ சொல்லியிருக்கலாம்." அவருக்குத் தாங்காதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன், அவரைக் கேக்கவே இல்ல.

அப்புறம் கேட்டார், "அவன் கிரேன்ல ஏறிட்டானா?"

உன் பேரைத்தான் எடுக்கக்கூடாதுன்னாரே தவிர, நீ இறங்கினது அவருக்குத் தெரிஞ்சுதான் இருக்கு. சித்தி புண்ணியம். ஏறிட்டான்னு சொன்னேன். "சரி"ன்னார். ரசம் கொஞ்சம் ஊத்தச் சொன்னார். கை கழுவப் போனவர் ரொம்ப நேரம் வரல. குழாய் ஓடிட்டே இருந்துது. நான் போகல.

இப்ப தடியனை அவர்தான் சேர்த்துப் பூட்டறார். அடித்தட்டு புதுசு, முன்பக்கக் கை புதுசு. இன்ஜினை அணைக்கிற சுவிட்ச் வச்சாச்சு. கரண்ட் போன மாதிரி பேட்டரியைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தோம், இருபது தடவையும் அணைஞ்சுது. அவர் ஒயரைப் பிடிப்புக்குள்ள விட்டுட்டு, மூடியைத் திறந்தே வச்சுட்டு என்னைக் கூப்பிடறார். "நான் போட்டதை நீ பார்த்துட்டு மூடு"ங்கறார். நான் போட்டதையும் அவர் பார்க்கிறார். ரெண்டு இடத்துல தப்பு கண்டுபிடிச்சார், வெக்கக்கேடு.

நேத்து கேட்டார், "அவன்கிட்ட நான் என்ன சொல்றது?"

தெரியலைன்னேன். தெரியாதப்ப சொல்றதில்லைன்னு இப்பதான் கத்துக்கிட்டிருக்கேன்.

அக்கா

*

மே 27

அக்கா,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆச்சு. அத்தானுக்குன்னு தனியா ஒண்ணு எழுத உட்கார்ந்தேன்.

"பரவாயில்லை"ன்னு எழுதினேன். அவருக்குக் கால் போயிருக்கு, பரவாயில்லைன்னு சொல்ல நான் யாரு? கிழிச்சேன். "உங்க தப்பு இல்ல"ன்னு எழுதினேன். அது பொய், கண்டுபிடிச்சுடுவார். கிழிச்சேன். "நானும் வராந்தாவுல அக்காவைப் பழி சொன்னேன்"னு ஆரம்பிச்சேன், அது உனக்கு எழுத வேண்டியது. உனக்கும் இன்னும் எழுதல. இப்ப எழுதறேன்: வேலை லட்சணம்னு சொன்னது தப்பு.

அத்தான் நிக்கிறப்ப எந்தக் கால்ல கனத்தைப் போடறார்னு கூட எனக்குத் தெரியாது. நான் பார்க்கவே இல்லையே. ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா பஸ் ஏறினவன்.

பத்து நாள் லீவு கேட்டேன். "இப்பத்தானே ஏறினே"ன்னு சூப்பர்வைசர் முறைச்சார், கொடுத்துட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்துடுவேன். ஸ்டாண்டுக்கு யாரும் வர வேண்டாம். கடைக்கே நேரா வர்றேன், கடையில நீயும் அவரும் ஆளுக்கு ஒரு வேலையா இருந்தா, உள்ளே வர்றது எனக்குச் சுலபமா இருக்கும்.

என்ன பேசறதுன்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டாவது தெரியாம இருக்கலாம். ஏதாவது கழட்டி வைக்கச் சொல்லு. திரும்பப் பூட்டறப்ப பிடிச்சுக்க இன்னொரு கை வேணும்ல.

தம்பி